கையெழுத்து நம்முடையது என்றால் பத்திரத்திலும் நம் பெயர் வேண்டும்

(கொற்கையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சந்தா, உள்கடன், வங்கி நிலுவை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி வீட்டைப் பற்றிப் பேசுவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. ஏரல் பாலம் உடைந்தது. மண்சுவர் வீடெல்லாம் கரைந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து நாங்கள் எந்தக் குழுவுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். “சொந்தமா ஒரு வீடு வாங்கணும், கவர்மெண்டு லோன் கிடைக்குமா?”

கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சகோதரியின் கதையைச் சொல்லிவிடுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம், நம் பக்கத்து ஊர்தான்.

வெற்றிலைக் கொடிக்காலில் கொழுந்து கிள்ளுகிற வேலை அவருக்கு. வீட்டுக்காரர் கொத்தனார். மாமியார் பெயரில் இருந்த மனையில் ஒரு நிறுவனத்தில் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். “நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க, சம்பாத்தியம் ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் கடன் கூடக் கிடைக்கும்” என்று சொன்னார்கள். போட்டார். எத்தனை கையெழுத்து என்று எண்ணவில்லை. நாலு வருடம் கழித்து வீட்டுக்காரர் இறந்துபோனார். கடன் நிற்கவில்லை. இணைக் கடன்தாரர் என்பதால் தவணை முழுவதும் இவர் தலையில் விழுந்தது. கொழுந்து கிள்ளிய கூலியிலும், குழுவில் எடுத்த உள்கடனிலும் கட்டிக்கொண்டிருக்கிறார். வீடு யார் பெயரில்? மாமியார் பெயரில். மாமியார் நல்லவர்தான், “ஒனக்குத்தாம்மா எழுதித் தருவேன்” என்கிறார். ஆனால் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது, கடன் கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் எழுதிக் கொடுக்க முடியாது. கடன் தீர இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. மாமியாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் இரண்டு மகன்கள் உண்டு.

அந்தச் சகோதரி எங்களிடம் கேட்டார்: “நான் கட்டுறது வீட்டுக் கடனா, இல்ல வாடகையா?” எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்று பேசுகிறோம்.

அரசு யாருக்குப் பின்னால் நிற்கிறது?

“எம்மா, கவர்மெண்டு லோனுதான, கட்டாட்டா என்ன செஞ்சிருவாவ?” என்று ஒரு குழுவில் கேட்டார்கள். இந்த எண்ணம்தான் ஆபத்து. அரசு நமக்கு மூன்று விதமாக உதவுகிறது. மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது மானியம். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-ல் வந்தது. 2016-ல் அது பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாறியது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு ரூ.1,20,000 என்று அதில் வைத்தார்கள். நம் மாநிலத்தில் கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு அதற்கு மேல் தொகை சேர்த்தது. 2024-ல் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தொடங்கி, 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3,50,000 என்று வைத்தது. இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் இது சொந்த மனையில் கட்டுவதற்கான பணம். இன்னொருவர் கட்டிய வீட்டை வாங்குவதற்குக் கிடையாது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் தொகை வரும்.

இரண்டாவது வட்டி மானியம். கடன் நம்முடையது, வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்கும். 2015-ல் நகர்ப்புறத்துக்கு வந்த வட்டி மானியத் திட்டம் ஏழைகளுக்கு ரூ.6 லட்சம் வரையுள்ள கடனில் 6.5 சதவீதம் வட்டியை ஏற்றது. அது 2022 மார்ச்சில் முடிந்துவிட்டது. இன்னும் அதைக் காட்டி “2,67,000 ரூபாய் வாங்கித் தாறேன்” என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். 2024-ல் வந்த இரண்டாம் கட்ட நகர்ப்புறத் திட்டத்தில், ரூ.25 லட்சம் வரையுள்ள கடனில் முதல் ரூ.8 லட்சத்துக்கு 4 சதவீதம் வட்டி மானியம் என்று வைத்தார்கள். மொத்தம் ரூ.1,80,000 வரை, ஐந்து ஆண்டுத் தவணையாக. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நல்ல வீடு இருக்கக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரல், ஆத்தூர், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் பேரூராட்சி. கொற்கை கிராம ஊராட்சி. நாலு மைல் தள்ளி வீடு வாங்கினால் திட்டமே மாறும். வாங்கப்போகிற இடம் எந்த எல்லையில் இருக்கிறது, எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது உத்தரவாதம். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். 2012-ல் மத்திய அரசு குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக் கடனுக்காக ஒரு உத்தரவாத நிதியம் ஏற்படுத்தியது. சொத்து ஜாமீனோ ஆள் ஜாமீனோ கூடுதலாகக் கேட்காமல் ஏழைக்குக் கடன் கொடுக்க வங்கிக்குத் தைரியம் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அந்த உத்தரவாதம் வங்கிக்கு. கடன்காரர் கட்டாவிட்டால் வங்கிக்கு வரும் நட்டத்தில் ஒரு பங்கை நிதியம் கொடுக்கும். நமக்காக அரசு தவணை கட்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம் கடன் நம் பேரிலேயே இருக்கும், வீடும் அடமானத்திலேயே இருக்கும்.

குழுக் கடனில் பழகிய நமக்கு இது புதுசு. குழுவுக்கு ரூ.10 லட்சம் வரை கொடுக்கும் கடனுக்கு வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு மாதம் தவறினால் நாம் உட்கார்ந்து பேசுகிறோம், “இந்த மாசம் அவளுக்குப் பிள்ளைக்குச் சொகமில்ல” என்று தீர்மான நோட்டில் எழுதுகிறோம். வீட்டுக் கடனில் அந்த நோட்டு கிடையாது.

வீட்டைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பார்ப்போம்

நம் ஊர் பழைய பாண்டியர் துறைமுகம். மண்ணைத் தோண்டினால் சங்கும் பானை ஓடும் கிடைக்கிறது. ஆனால் இன்று நாம் குடியிருக்கிற மனைக்குக் காகிதம் கேட்டால் பாதிப் பேரிடம் கிடையாது. “எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்கோம்” என்பது உண்மைதான். வங்கிக்கு அது போதாது.

வீட்டை விற்க வந்தவரிடம் சுவரின் நிறத்தைக் கேட்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள்.

1. பட்டா யார் பெயரில்? நத்தமா, தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா? குளத்துக் கரை, வாய்க்கால் கரை புறம்போக்கு என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெள்ளத்தில் முதலில் போனவை அந்த வீடுகள்தான்.

2. இலவச வீட்டுமனைப் பட்டாவா? குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

3. தாய்ப்பத்திரம் இருக்கிறதா? வில்லங்கச் சான்றை வங்கிகள் பெரும்பாலும் 30 வருடத்துக்குக் கேட்கும். இணையத்திலேயே பார்க்கலாம். படித்த பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா? அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 ஒரு எல்லைக்கோடு. அதன்பின் போட்ட அங்கீகாரமில்லா மனையை வாங்கினால் பதிவும் சிக்கல், கடனும் சிக்கல்.

5. விற்பவருடைய அக்கா தங்கச்சி கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? பூர்வீகச் சொத்தில் பெண்பிள்ளைக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டுவந்தது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது. “அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே” என்பார்கள். அது செல்லாது. நாளைக்கு அந்தத் தங்கச்சி வழக்குப் போட்டால் கடன் கட்டிய நாம்தான் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். அதுவும் போக, அவரும் நம்மைப் போல ஒரு பெண். இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்கிய வீட்டில் நாம் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா?

வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். நாமும் நமக்காக ஒருவரிடம் காட்டுவோம். அந்தச் செலவு வீண் செலவு அல்ல.

தவணைக் கணக்கு

வாங்க, கணக்குப் போடுவோம். ரூ.6 லட்சம் கடன், 9 சதவீதம் வட்டி, 15 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் ரூ.6,086. முதல் மாதம் கட்டுகிற ரூ.6,086-ல் வட்டிக்குப் போவது ரூ.4,500. அசலில் கழிவது ரூ.1,586 மட்டும். “இத்தனை வருசம் கட்டியும் அசல் அப்படியே இருக்கே” என்று பலர் பதறுவது இதனால்தான். மொத்தம் கட்டி முடிக்கும்போது சுமார் ரூ.10,95,000 ஆகியிருக்கும்.

“தவணையைக் குறைச்சுத் தாறோம், 20 வருசமா போட்டுக்கிடுங்க” என்பார்கள். தவணை சுமார் ரூ.5,398 ஆகும். மாதம் ரூ.700 கூடக் குறையவில்லை. ஆனால் மொத்தம் கட்டுவது சுமார் ரூ.12,95,000. மாதம் எழுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு லட்சம் கூடுதலாகக் கட்டுகிறோம். இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

எவ்வளவு தவணை தாங்கும்? நுண்கடனுக்கு 2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு எல்லை வைத்தது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று. பாதி என்பதே நமக்கு அதிகம் என்பது எங்கள் அனுபவம். வாழைத்தார் வெட்டுகிற மாதம் கை நிறைய இருக்கும், வடகாலில் தண்ணீர் அடைத்த மாதம் கூலி இருக்காது. தவணைக்கு அந்தப் பருவமெல்லாம் தெரியாது. வேலை இல்லாத மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று தவணைப் பணத்தைக் குழுச் சேமிப்பில் தனியாகப் போட்டுவிட்டுக் கடனுக்குப் போங்கள்.

இன்னும் மூன்று விஷயம். 2024 அக்டோபர் முதல், கடனின் மொத்தச் செலவையும் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையை, நமக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும். தமிழில் கேளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாகவே கட்டி முடித்தால் வங்கி அபராதம் போடக் கூடாது. கடன் முடிந்தால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளுக்கு ரூ.5,000 தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இதெல்லாம் யாரும் போடும் பிச்சை இல்லை, நம் உரிமை.

பெயர்

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

கடன் விண்ணப்பத்தில் நம் கையெழுத்தைக் கேட்டால், நாம் முதலில் கேட்க வேண்டியது: “பத்திரத்தில் என் பேரு இருக்கா?” இல்லை என்றால் கையெழுத்து இல்லை. இது வீட்டில் சண்டை போடச் சொல்கிற பேச்சு அல்ல. கடன் இருவர் தோளிலும் இருக்கும்போது வீடும் இருவர் பெயரிலும் இருப்பதுதான் நியாயம். அரசே இதைச் சொல்லியிருக்கிறது. ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோதான் ஒதுக்க வேண்டும் என்று விதி, விலக்குகள் கொஞ்சம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் பதியும் ரூ.10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தார்கள். எட்டு லட்சம் ரூபாய் வீடு என்றால் எட்டாயிரம் மிச்சம். பத்திரச் செலவைப் பற்றிப் பேச்சு வரும்போது வீட்டுக்காரரிடம் இந்த எட்டாயிரத்தைச் சொல்லுங்கள். நியாயத்துக்கு மசியாத சில பேர் கணக்குக்கு மசிவார்கள்!

மனை மாமனார், மாமியார் பெயரில் இருந்தால்? கட்டும் முன்னால் எழுதி வாங்குங்கள். கடன் வாங்கிய பின் வங்கி சம்மதம் வேண்டும். அன்று ஒரு வாரத்தில் முடிகிற வேலை இன்று ஏழு வருடம் காத்திருக்கிறது.

அதோடு கடன் காப்பீடு பற்றிக் கேளுங்கள். யார் உயிருக்கு? வீட்டுக்காரர் உயிருக்கு மட்டுமா, நமக்கும் சேர்த்தா? வெள்ளத்தில் வீடு விழுந்தால் வீட்டுக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா? அந்தத் தாளின் நகல் நம் கையில் இருக்க வேண்டும். பீரோவில் வேண்டாம், 2023-ல் பீரோவும் மிதந்தது. நகலில் ஒன்று வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் இருக்கட்டும்.

தவணை தவறினால்

மறைக்காதீர்கள். ஒளிந்துகொள்வதால்தான் வீடு போகிறது. 90 நாள் தவணை நிலுவையானால் அது வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டு சட்டப்படி 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு வரும். அதைக் கிழித்துப் போடாதீர்கள், வாங்க மறுக்காதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைச் சுவாதீனம் எடுக்க வந்தால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வங்கி மேல் குறை இருந்தால் முதலில் வங்கியில் எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அதற்கு உதவி எண் 14448.

ஆனால் அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் தவணை தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே குழுவில் சொல்லுங்கள். குழுவோடு சேர்ந்து கிளை மேலாளரைப் பார்ப்போம். தனியாகப் போகிற பெண்ணிடம் பேசுகிற மாதிரி பத்துப் பேர் போனால் பேச மாட்டார்கள். இது நமக்கு நன்றாகத் தெரிந்த பாடம்தானே?

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, இந்த மாதம் ஒவ்வொரு குழுவிலும் மூன்று வேலை செய்வோம்.

ஒன்று: உறுப்பினர் வாரியாக, குடியிருக்கும் மனையின் பட்டா யார் பெயரில் என்று ஒரு பட்டியல். காகிதம் இல்லாதவர்களைக் கூட்டமைப்பே சேர்த்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும்.

இரண்டு: வீட்டுத் திட்டப் பட்டியல் கிராம சபையில் வரும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் எல்லாருக்கும் தெரியும். மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கூட்டமைப்பில் வந்து சொல்லுங்கள்.

மூன்று: எந்த உறுப்பினரும் வீட்டுக் கடன் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அதைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டும். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிக்கட்டும். புரியாத வரியில் கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்குப் பதில் வராமல் பேனாவைத் தொட வேண்டாம்.

அந்தச் சகோதரி மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு அவரும் குழுவினரும் எங்களோடு கிளைக்கு வந்தார்கள். கடன் தீர்ந்த அன்றே இவர் பெயருக்கு எழுதித் தருவதாக மாமியார் குழுவின் முன்னால் சொல்லி, தீர்மான நோட்டில் கைநாட்டும் வைத்தார். சட்டத்தில் அந்த நோட்டு பத்திரம் ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் உயில் எழுதிப் பதிவு செய்ய முடியுமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறோம். கொஞ்சமாவது வழி திறக்கும் என்று நம்புகிறோம்.

ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் பலர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கு ஏழு வருடம் காத்திருக்கத் தேவை இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். “பத்திரத்தில் என் பேரு இருக்கா?”

வீட்டுக்குப் போய் இன்று இரவே கேளுங்கள்.